கட்டையா, தவிலா?

மரக்காலைக்கும் வாத்தியப் பட்டறைக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகப் பெர்மிட் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எந்தப் பத்திரத்தை எப்படி நிரப்புவது, எந்த மரத்துக்கு எந்த அலுவலகம் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் கொஞ்ச நாள் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும். வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்ட உங்களைச் சுற்றி ஆயிரம் பேர் இருப்பார்கள். எங்கே போடக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது. நான் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். படிப்பு முடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று, பதுளை டவுனில் ஒரு மரக்காலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது. மரம் விற்கிற இடத்தில் பொம்பளை கிளார்க்கா என்று லொறிக்காரர்கள் சிரித்தார்கள். என்னிடம் பெர்மிட் வாங்காமல் எந்த லொறியும் வாசலைத் தாண்ட முடியாது என்று ஆனபிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்கள் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் அவர் கை தானாகச் சலாம் போடும். வியாபாரிக்கு அரசாங்கத்தோடு என்ன சண்டை என்பது அவருடைய கட்சி. என் கட்சி வேறு. அதனால் நாங்கள் இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு, இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம்.

கதவு, நிலை, கட்டில் என்று எல்லா மரக்காலையும் விற்பதை நாங்களும் விற்றோம். அதோடு பின்பக்கக் கொட்டகையில் தவிலுக்கு உடல் குடைந்தோம். தவிலுக்குப் பலாமரம்தான். பசறை, அப்புத்தளை என்று சுற்றியுள்ள தோட்டங்களில் மேளம் அடிப்பவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். நாங்கள் கொடுப்பது வெறும் மரக்கூடு. தோலை அவர்களே கொண்டுபோய்க் கட்டிக்கொள்வார்கள்.

இந்த நாட்டில் பலாமரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அனுமதி எடுக்க வேண்டும். வெட்டியதை மரமாக ஏற்றிப்போக இன்னொரு பெர்மிட். வாத்தியமாகச் செய்துவிட்டால் அது தேவையில்லை. இதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எழுபதுகளில் அரிசிக்கும் மாவுக்கும் அலைந்த காலத்தில், எங்கள் லயத்துப் பிள்ளைகள் பலாக்கொட்டையை அவித்துத் தின்றுதான் உயிரோடு இருந்தன. அந்த மரத்துக்குக் காவல் போட்ட சட்டத்தை நான் ஒருநாளும் திட்டியதில்லை. இப்போது நீங்கள் கிட்டாருக்கும் வயலினுக்கும் கருங்காலி, ஈட்டி என்று வெளிநாட்டுச் சட்டமெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதையும் திட்டாதீர்கள். சட்டத்தோடு சண்டை போடுவது வேறு, சட்டத்தை நம் தலையில் தப்பாகக் கவிழ்க்கும்போது சண்டை போடுவது வேறு. நான் சொல்லப்போவது இரண்டாவது வகை.

அதற்கு முன்னால் கொட்டகையின் இரண்டு பழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பலாமரம் எங்களிடம் வரும்போது, அறுத்த முகத்தில் வன இலாகாவின் முத்திரை இருக்கும். ஒரு சுத்தியலால் மரத்தின் நடுவில் ஓங்கி அடித்துப் பதித்திருப்பார்கள். அதுதான் மரம் திருட்டு மரம் இல்லை என்பதற்கு அத்தாட்சி. இனி, குடைந்த கூட்டின் இரண்டு வாயிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசி வைப்போம். ஆடி மாதத்து வறண்ட கச்சான் காற்று ஊவாவில் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூசாமல் வைத்தால் ஒரு வாரத்தில் வாய் வெடித்துவிடும். வெளிப்பக்கத்தையும் நாங்கள் இழைக்க மாட்டோம். வாச்சி கொத்திய தழும்போடு முரடாகவே கொடுப்போம். அடிக்கிறவர் தன் கைக்கும் தோளுக்கும் தக்கபடி செதுக்கிக்கொள்வார். எங்களுக்கு இது பழகிய முறை. வழியில் நின்று பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராமையா அண்ணன் பசறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், திருவிழாவிலும் கல்யாணத்திலும் தவில். ஆடித் திருவிழா நெருங்குகிற நேரத்தில் அவருடைய பழைய தவில் வாய் பிளந்துவிட்டது. புதிய கூடு செய்யச் சொல்லியிருந்தார். அதை வாங்க வரும்போது பழைய தவிலிலிருந்து கழற்றிய தோல் வளையங்கள் இரண்டையும், வாரையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். வளையத்தை வைத்துப் பார்த்துத்தான் கூட்டின் வாயைச் சரிசெய்து, மறுபடி பூசிக் கொடுப்போம். எல்லாம் சரியாக இருந்தது. காலையில் பசறை பஸ்ஸில் ஏறிப் போனார்.

மத்தியானம் அந்த பஸ்ஸின் கண்டக்டர் திரும்பி வரும்போது மரக்காலை வாசலில் நிறுத்திக் கத்தினார்.

"அக்கா! உங்க தவில்காரர செக்போஸ்ட்ல எறக்கிட்டாங்க. திருட்டுப் பலான்னு புடிச்சு வெச்சிருக்காங்க. ஏதோ பேப்பர்ல ஒப்பம் போடச் சொல்றாங்க."

மரம் போனால் போகட்டும், இன்னொன்று குடையலாம். ஆனால் ராமையா அண்ணன் அப்போது பிரஜாவுரிமைக்கு, அதாவது இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, எழுதிப் போட்டிருந்தார். உங்களில் பலருக்கு அந்தக் காலம் தெரியாது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் இருந்தோம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் கடலுக்கு அந்தப் பக்கம், இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராமையா அண்ணன் இங்கேதான் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அந்த விசாரணையில் உன்மேல் ஏதாவது வழக்கு, குற்றம் உண்டா என்று கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து விழுந்தால், அவரையும் அவர் பெஞ்சாதி பிள்ளைகளையும் யார் எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.

நான் குடையை எடுத்தேன். முதலாளி குறுக்கே வந்தார்.

"எங்க புள்ள போற?"

"செக்போஸ்ட்டுக்கு."

"ஏன் புள்ள வம்பு? சின்னத் தண்டம்தான் போடுவாங்க. நான் கட்டுறன். ஒப்பம் வெச்சிட்டு வீட்டுக்குப் போவட்டும். வேற கூடு செஞ்சி குடுப்பம்."

"முதலாளி, நாம திருடுனோமா?"

"இல்ல."

"அவரு திருடுனாரா?"

"அல்லாட காவல், இல்ல."

"அப்ப எதுக்குத் தண்டம்?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என்னிடம் வாதத்தில் தோற்றால் அவர் செய்வது அது. பிறகு கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: "பெரிய எடத்தோட மோதி என்ட லைசன்சுக்கு ஒண்ணு வந்திச்சின்னா, நீ இந்தப் பக்கம் திரும்பி வர வாணாம்."

"சரி முதலாளி, வரல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பயம் இல்லாமல் ஏறினேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கைகளும் இருந்தார்கள். பயத்தைவிட ஆத்திரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

செக்போஸ்ட் என்றால் ஒரு தகரக் கொட்டகையும், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பும். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. பக்கத்தில் ஒரு காவலாளி. மூலையில் எங்கள் தவில் கூடு குற்றவாளியைப் போலக் கிடந்தது. ராமையா அண்ணன் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். அவர் முன்னால் ஒரு அச்சடித்த காகிதம் கிடந்தது, கையில் பேனா இருந்தது.

"போட்டுட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்லக்கா. போடத்தான் போறேன். தண்டம் கட்டுறதுக்கு ரசீதுன்னு சொன்னாங்க."

காகிதத்தை எடுத்து வாசித்தேன். சிங்களத்தில் இருந்தது. அனுமதியில்லாமல் பலாமரம் கடத்திய குற்றத்தை நான் என் மனதார ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. அதை அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைத் தரையில் வைத்துவிட்டு, அது ஏதோ கடிக்கும் என்பதைப்போலக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அதிகாரியோடு நான் பேசியது சிங்களத்தில். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்; ஐயா, அம்மா என்பதற்கு அவர்கள் சொல்லும் மாத்தயா, நோனாவை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"மாத்தயா, இந்த மரத்துக்குப் பெர்மிட் எங்க மரக்காலையில இருக்கு. இது மரம் இல்ல, தவில்."

"நோனா, நீங்க வீட்டுக்குப் போங்க. இது எனக்கும் இந்தாளுக்கும் உள்ள விசயம்."

அங்கே வெளியாருக்கென்று ஒரே ஒரு நாற்காலி இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். "இந்தாளுக்கு அந்தப் பேப்பர வாசிக்கத் தெரியாது. அதனால இது எனக்கும் உங்களுக்கும் உள்ள விசயம்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. எழும்பச் சொன்னார். நான் எழும்பவில்லை. பொலிஸைக் கூப்பிடவா என்றார். கூப்பிடுங்கள், கோர்ட்டுக்கே போவோம், அங்கே பேசுவோம் என்றேன். காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

இதுவரை கேட்டால் அவர் கெட்டவர், நான் நல்லவள் என்று தோன்றும். அப்படி இல்லை. அவர் எழும்பி, கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு உருண்டைக் கட்டையை உருட்டிக்கொண்டுவந்து என் காலடியில் போட்டார். பலாமரம்தான். நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் சுவர் ஒரு சாண் பருமன்.

"போன வாரம் ஒரு லொறி நெறைய இது. எல்லாம் மேளமாம். ரசீதும் வெச்சிருந்தான். அறுத்தா கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஆகும். இப்ப சொல்லுங்க, நான் எப்படி நம்புறது? உங்க ஆளு கொண்டுவந்ததுல முத்திரை எங்க? வாயில சாணியப் பூசி மறைச்சிருக்கீங்க."

எனக்குச் சுரீர் என்றது. இந்த மாதிரி ஆட்கள் எங்கள் மரக்காலைக்கும் வந்ததுண்டு. மேளம் என்று பெயர் போட்டு என் பத்திரத்தில் தங்கள் மரத்தையும் ஏற்றிவிடச் சொன்னார்கள். நான் துடைப்பத்தை எடுக்காத குறையாக விரட்டினேன். அந்தத் திருடர்கள் செய்ததற்குப் பாவம் யாரோ ஒரு தவில்காரன் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆத்திரம் எனக்கு அவர்கள்மேல்தான் திரும்பியது. அதிகாரியின் கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். குரலைத் தணித்தேன்.

"மாத்தயா, முத்திரைய நீங்க எங்க அடிப்பீங்க?"

"நடுவுல."

"தவில் எப்படிச் செய்யிறது?"

அவர் கூட்டையும் அந்த உருண்டையையும் பார்த்தார்.

"நடுவ எடுத்தாத்தான் தவில். முத்திரை நடுவோட போயிருச்சு. நாங்க மறைக்கல. சாணி காத்துக்கு வெடிக்காம இருக்கப் பூசுனது."

"அதையேதான் அந்த லொறிக்காரனும் சொன்னான்" என்றார் அவர். ஆனால் குரலில் முந்தைய கோபம் இல்லை. "நோனா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு. தோலும் இல்லாம முத்திரையும் இல்லாம ஒரு உருண்டைய ஏன் விட்டேன்னு கேட்டா, ஒரு பொம்பளை கதிரையில உக்காந்து எழும்பல, அதனால விட்டேன்னா சொல்றது? வாத்தியம்னா வாத்தியமா இருக்கணும்."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கோணிப்பை கண்ணில் பட்டது.

"அண்ணே, பையில வளையம் ரெண்டும் இருக்குல்ல? வாரும் இருக்குல்ல? கட்டிருங்க. கட்டி அடிச்சுக் காட்டுங்க."

ராமையா அண்ணன் என்னை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவளைப்போலப் பார்த்தார்.

"இங்கயா? என்னக்கா சொல்றீங்க? புதுத் தவிலுக்கு மொத அடி ஆத்தா சன்னதியிலதான். பூச போட்டு, மஞ்ச தெளிச்சு... ரோட்டுல வெச்சு அடிச்சா ஊருக்கு ஆகாது. நான் எப்புடித் திருவிழாவுல போய் நிப்பேன்?"

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். மாரியம்மனுக்குச் சேர வேண்டிய முதல் அடியை ரோட்டில் அடி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அதிகாரி காத்திருந்தார். காகிதம் தரையில் கிடந்தது. ஒன்று அந்தக் கையெழுத்து, அல்லது அந்த முதல் அடி. எதைக் கொடுப்பது என்று நான் சொல்ல முடியாது. கொடுக்கப்போகிறவர் நான் இல்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள்: அடுத்தவருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், ஆனால் அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக்கூடாது.

ராமையா அண்ணன் கோணிப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், கூட்டைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கே பேப்பர் இல்ல. நான் பொறந்ததுக்குப் பேப்பர் காட்டுன்னாங்க, எங்கப்பன் பொறந்ததுக்குப் பேப்பர் காட்டுன்னாங்க. இப்ப மரத்துக்கும் பேப்பர். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன். திருடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த கையால ஆத்தாவுக்கு எப்புடிக்கா அடிக்கிறது? அதுக்கு இங்கயே அடிச்சிருவேன். அவளுக்குத் தெரியாதா?"

எழும்பினார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். காவலாளி கொண்டுவந்து கொடுத்தான். கூட்டைக் கொட்டகைக்கு வெளியே தூக்கிக்கொண்டுபோய், சாணியைக் கழுவித் துடைத்தார். வாரை நனைத்தார். வளையங்களை இரண்டு பக்கமும் பொருத்தி, காலால் மிதித்துக்கொண்டு வாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். ஒரு ஆள் கைக்கு அடங்காத வேலை அது. மறுமுனையைப் பிடிக்க நான் குனிவதற்குள் அந்தக் காவலாளி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அதிகாரி வாசலில் நின்று பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கட்டி முடிப்பதற்குள் பசறையிலிருந்து வந்த பஸ் ஒன்று தடுப்பில் நின்றது. என்ன நடக்கிறது என்று பார்க்க ஆட்கள் இறங்கினார்கள். டவுனுக்குப் போகிற தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். ராமையா அண்ணன் இடுப்பு மடியிலிருந்து விரல்கூடுகளை எடுத்து மாட்டிக்கொண்டார். தவிலைத் தோளில் போட்டார். பசறைப் பக்கம், தன் தோட்டத்துக் கோயில் இருக்கும் திசையில் திரும்பி நின்று கண்ணை மூடினார்.

முதல் அடி விழுந்தது.

நான் தவில் கேட்டு வளர்ந்தவள். கோயிலுக்குப் போகாவிட்டாலும் லயத்துக்குச் சத்தம் வரும். ஆனால் அப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. கோபம் முழுவதும் அதில் இருந்தது. எதிரே இருந்த தேயிலை மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு என்ன தோன்றியதோ, வாயில் கை வைத்துக் குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருவிழாவில் ஆத்தா முன்னால் போடுகிற அதே குலவை. ராமையா அண்ணனின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. ஒளிக்கவில்லை.

அவர் நிறுத்தியதும் அதிகாரி உள்ளே போய் அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"வாத்தியம்தான். கொண்டுபோகச் சொல்லுங்க" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா இனிமே தோல் கட்டாம ஒண்ணும் இந்த ரோட்டுல வரக்கூடாது" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். வென்ற களைப்பில்தான் நாம் அடுத்த தடவைக்குத் தோற்றுவிட்டு வருகிறோம். நான் மறுபடி உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன நோனா இன்னும்?"

"மாத்தயா, ஒவ்வொரு தவிலுக்கும் முதல் அடிய உங்க தடுப்புலயா குடுக்கிறது? இவரு குடுத்துட்டாரு. மத்தவங்க ஏன் குடுக்கணும்? உங்க பன்சலையில புது பெரஹரா மேளத்த இப்படி ரோட்டுல அடிக்கச் சொல்வீங்களா?"

அவரும் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவருக்கும் ஊரில் ஒரு பௌத்தக் கோயிலும் அதன் பெரஹரா ஊர்வலமும் இருந்திருக்கும். "அப்ப என்ன செய்யிறது?"

"ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டி அனுப்புறோம். மத்தப் பக்கம் வெறும் வளையம். பாக்கிறவனுக்கு வாத்தியம்னு தெரியும். ஒரு சாண் பருமன் உருண்டையில எந்தத் திருடனும் வளையம் மாட்ட முடியாது. ஆனா ரெண்டாவது தோல் ஏறாம அது பேசாது. முதல் அடி கோயிலுக்கு மிஞ்சும்."

"சரி, ஒரு பக்கம்" என்றார். எழுந்து நின்று, "இப்பவாவது எழும்புவீங்களா?" என்றும் கேட்டார். எழும்பினேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அந்தி சாய்கிற நேரத்தில் மரக்காலைக்கு வந்தேன். திரும்பி வர வேண்டாம் என்று சொன்னவர் கேட்டைப் பூட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஒரு பக்கம் தோல் கட்டுற கூலிய யாரு குடுக்கிறது? உன்ட சம்பளத்துல புடிக்கட்டா?"

"புடிங்க முதலாளி."

சம்பளத்தில் பிடிக்கவில்லை. அடுத்த நாளே தோலுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் மரக்காலை தவில் மட்டும்தான் ஒரு பக்கத் தோலோடு வரும் என்று ஏதோ தன் சொந்த யோசனையைப்போலப் பெருமை அடித்துக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். இன்றைக்கும் நீங்கள் தவில் கூட்டுக்கு இடதுபக்கத் தோலைக் கட்டி, வலதுபக்கம் வெறும் வளையத்தோடு அனுப்புகிறீர்கள். அது பாரம்பரியம் என்று உங்களில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பாரம்பரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பசறை ரோட்டுத் தகரக் கொட்டகையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசி வாங்கியது அது.

அந்த வருடத் திருவிழாவில் ராமையா அண்ணன் அடித்தார். முதல் அடியை ரோட்டில் கொடுத்துவிட்டேன் என்று கோயில் கமிட்டியிடம் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். குலவை போட்ட பெண்கள் அதே தோட்டத்துக்காரிகள். அவர்கள் கோயில் வாசலில் வந்து நின்று போட்ட சத்தத்தில் முணுமுணுப்பு அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் தவிலோடு அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம், தடுப்பு வந்ததும் மடியிலிருக்கும் தவிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். காவலாளி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்காமலே மூங்கிலைத் தூக்குவான். வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகத்தான் தட்டுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு அவரைப் பதுளை கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, கூப்பிட வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். உள்ளே போனவர் வெளியே வரும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்கக்கா. அப்பன் பேரு, பாட்டன் பேரு, எந்தத் தோட்டம், எந்த லயம்... எல்லாத்துக்கும் தல குனிஞ்சுதான் சொன்னேன், பழக்கம் போகுதா? கடைசியில, உம்மேல கேஸ் ஏதாச்சும் இருக்கா, களவு கிளவு எதுலயாச்சும் ஒப்பம் வெச்சிருக்கியான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்கு மட்டும் நிமிந்து அவரு மூஞ்சியப் பாத்து, 'இல்லைங்க'ன்னேன்."

அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் நான் இதே கதையைத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு 'இல்லைங்க'வுக்காகத்தான் அன்றைக்கு நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. உங்கள் முன்னாலும் ஒருநாள் அப்படி ஒரு காகிதத்தை வைப்பார்கள். சின்ன விஷயம், போட்டுவிட்டுப் போ என்பார்கள். நீங்களும் எழும்பாதீர்கள்.